கோட்டைச்சாமியின் முதுகுப்புறம்

பங்குனி முதல் தேதி காலை, குளக்கரையில் ஒன்பது கீரிகள் கூடின. அவற்றின் தலைவி அங்காயி.

அன்று காட்டின் போர் விளையாட்டு. ஜெயிக்கும் பக்கத்துக்குக் கோடை முழுவதும் முதல் தண்ணீர். போன கோடையில் தோற்ற கீரிகளுக்குச் சேறுதான் மிஞ்சியது. தாகத்தில் இரண்டு குட்டிகள் செத்தன.

எதிரி, கோட்டைச்சாமி என்ற காட்டெருமை. அதன் பின்புறத்தில் சேற்றுருண்டை பட்டால் கீரிகளுக்கு வெற்றி. நெற்றியில் பட்டால் கணக்கில்லை. அதன் கொம்பு தொட்ட கீரி வெளியேற வேண்டும். அதன் முதுகில் நான்கு கொக்குகள் உட்கார்ந்து பின்பக்கம் காவல் பார்த்தன.

"நேராகப் பாய்வோம், அக்கா!" என்றது சுருளி என்ற கீரி.

"போன வருஷமும் பாய்ந்தோம். அதன் நெற்றிக்குச் சேறு பூசி அழகு பார்த்துவிட்டு வந்தோம்!" என்றது அங்காயி.

"பின்னால் போனால்?"

"கொக்கு கத்திவிடும். முதலில் எருமையை ஒரே இடத்தில் நிற்க வைப்போம்."

ஏழு கீரிகள் கோரைப் புல்லில் பதுங்கின. அங்காயியும் சுருளியும் எதிரே இருந்த பாறைமேல் ஏறின.

"என்ன மாமா, எப்போதும் ஓட்டம்தானா? நின்ற இடத்தில் நிற்கத் தைரியம் இல்லையா?" என்று கத்தியது அங்காயி.

"எனக்கா? இதோ நிற்கிறேன்! அசைத்துப் பார்!" என்றது கோட்டைச்சாமி.

வெயில் ஏறியது. காட்டெருமை அசையவில்லை.

"அண்ணே, கொஞ்சம் நடங்க!" என்றது ஒரு கொக்கு. "நீங்க புல்லை மிதிச்சாத்தானே வெட்டுக்கிளி பறக்கும்! பசிக்குது."

"போர் நடக்கும்போது சாப்பாடா? போங்கள்! உங்களை நம்பியா நான் நிற்கிறேன்?"

கொக்குகள் மேற்கே மேய்ந்த மான்களைத் தேடிப் பறந்தன. பதுங்கியிருந்த ஏழு கீரிகளும் கோரைப் புல் வழியே காட்டெருமையின் பின்பக்கம் ஊர்ந்து வந்தன.

"அடி!" என்றது அங்காயி.

கோரைப் புல்லிலிருந்து ஏழு சேற்றுருண்டைகள் பறந்தன. ஏழும் காட்டெருமையின் பின்புறத்தில் பட்டன.

"கீரிகளுக்கு வெற்றி!" என்று நடுவர் ஆமை அறிவித்தது.

"பின்னால் வந்ததை ஏன் யாரும் சொல்லவில்லை?" என்று உறுமியது கோட்டைச்சாமி.

"சொல்கிறவர்களை நீங்களே விரட்டிவிட்டீர்களே, மாமா!" என்றது சுருளி.

ஒன்பது கீரிகளும் வாலை நிமிர்த்திக்கொண்டு தண்ணீருக்கு நடந்தன. கொம்பு பட்டு வெளியேறியது ஒன்றுகூட இல்லை.

பெரும் பலத்தோடு நேருக்கு நேர் மோதாதே. அதற்குக் கண்ணாக இருக்கும் துணையை முதலில் பிரி.

ஆடி இரண்டாம் தேதி மழை வந்தது. அதுவரை கீரிக் குட்டி ஒன்றுகூடச் சாகவில்லை.