மண் கேட்ட ஊர்

ரொம்ப காலத்துக்கு முன்னாலே, கடிகாரம் என்ற ஒன்று இல்லாததால் யாருக்கும் நேரம் போதாமல் போகாத காலத்திலே, ஏழுமடை என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு மேற்கே பெரிய ஏரி. ஏரித் தண்ணீர் வீட்டுக் கூரைகளைவிட உயரத்தில் நிற்கும். நடுவே மண்கரை ஒன்றுதான் காவல். அதனால் அங்கே ஒரு வழக்கம். மழைக்கு முன்னால் தமுக்குச் சத்தம் கேட்டால், வீட்டுக்கு ஒருவர் கூடையோடு வந்து கரையில் மண் போட வேண்டும். ராஜாவுக்கும் ஒரு கூடை உண்டு.

தமுக்கு அடிப்பவள் மூக்காயி. அவள் கீழத்தெருவில் குரல் கொடுத்தால் மேலத்தெருவில் தொட்டில் பிள்ளை எழுந்து உட்காரும் என்பார்கள். அப்படிப்பட்ட குரலுக்கும் ஒரு கேடு வந்தது.

மலைக்குகையில் நோட்டநாதன் என்ற மந்திரவாதி இருந்தான். அவன் ஒருநாள் இறங்கிவந்து, உள்ளங்கை அகலச் செப்பு ஒன்றை வீட்டுக்கு வீடு கொடுத்தான். விலை அரைப்படி அரிசி. மூடியைத் திறந்தால் உள்ளே ஆட்டுச் சண்டை தெரியும், அயலூர்க் கல்யாணம் தெரியும், யாரோ யாரையோ திட்டுவது தெரியும். மூடப் போனால் செப்பு தேன் குரலில் கேட்கும்: "அதற்குள்ளே என்ன அவசரம்? இதை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போங்களேன்."

பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொரு விசேஷம், செப்புக்குக் காது உண்டு. பணியாரக்கார பாக்கியம் சாயங்காலம் முழங்கால் வலி என்று முனகினாள். விடிந்தால் வாசலில் தைல வியாபாரி. எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரியும்மா என்று சிரித்தான். நம்மைத் தேடி வருகிறார்களே என்று ஊருக்குப் பெருமை தாங்கவில்லை.

மூக்காயி மட்டும் செப்பு வாங்கவில்லை. ஒரு கையில் தமுக்கு, மறு கையில் குச்சி. மூன்றாவது கை அவளுக்கு ஏது?

செப்பு வந்த மூன்றாம் வருஷம், மழைக்குப் பத்து நாள் இருக்கும்போது, மூன்றாம் மடைக்குப் பக்கத்தில் கரை கசிவதைப் பார்த்தாள். விரல் பருமன் ஓட்டை. அரண்மனைக்கு ஓடினாள். ராஜா ஆட்டுச் சண்டையில் இருந்தார். முதல் தரம் சொன்னாள், உம் என்றார். இரண்டாம் தரம் சொன்னாள், உம் என்றார். மூன்றாம் தரம் சொன்னதும் தலை நிமிராமலே உத்தரவு போட்டார்: மூன்று நாள் தமுக்கு அடி. ஆள் வராவிட்டால் கோளாறு தமுக்கில்தான், அதைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டு வேறு பிழைப்புப் பார்.

முதல் நாள் அடித்தாள். "அக்கா, கொஞ்சம் மெதுவா அடிங்க, பாட்டு கேட்கலை" என்றார் தட்டார். இரண்டாம் நாள் அடித்தாள். கூடப் பிறந்த தங்கச்சியே உம் என்றாள். ஓட்டை மணிக்கட்டுப் பருமன் ஆகிவிட்டது. தமுக்கு போனால் போகட்டும், கரை போனால் தங்கச்சி வீடு முதலில் போகும்.

அன்று மத்தியானமே மலை ஏறினாள்.

குகை முழுக்க ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். உள்ளே மின்மினி மாதிரி ஏதோ துடித்தது. யாராவது செப்பைப் பார்த்தால், அந்தப் பார்வை வந்து அவர் ஜாடியில் சொட்டென்று விழும். நடுவில் நோட்டநாதன், மிளகாய்ப் பழக் கண்களோடு.

"அரைப்படி அரிசிக்குச் செப்பைக் கொடுத்தால் உங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகும், சாமி?"

"செப்பு தூண்டில் முள், மூக்காயி. முள்ளிலா லாபம் பார்ப்பார்கள்?"

லாபம் ஜாடியில் இருந்தது. யார் எதை எவ்வளவு நேரம் பார்த்தார், எதற்குப் பெருமூச்சு விட்டார், என்ன முனகினார் எல்லாம் அதில் சேரும். வியாபாரிகள் வந்து ஜாடியில் காது வைத்துக் கேட்டுவிட்டு, கேட்டதற்குக் கூலி கொடுத்துப் போவார்கள். அவர்கள் சரக்கைச் செப்பே கூவி விற்கும்.

"சரி, மூட விடாமல் கெஞ்சுவது எதற்கு?"

"அக்கரை மலையில் இன்னொருத்தன் செப்பு செய்கிறான். என்னுடையதை மூடினால் அவனுடையதைத் திறப்பார்கள். மூன்று நாழிகை புதுப் பார்வை விழாவிட்டால் பழையதெல்லாம் எழுந்து வீட்டுக்குப் போய்விடும். நான் கண் மூடி மூன்று வருஷம் ஆகிறது."

அவளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. கரை உடையப் போகிறது என்று செப்பில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சினாள்.

"பயந்தவன் ஓடுவான். ஓடுகிறவன் செப்பைப் பார்ப்பானா?" என்றான் நோட்டநாதன். "மண் வேண்டும் என்று ஊரில் ஒருத்தர் முனகியிருந்தாலாவது வியாபாரிகள் வண்டி கட்டியிருப்பார்கள். யார் முனகினார்கள்?"

மூக்காயி சிரித்துக்கொண்டே மலை இறங்கினாள்.

மூன்றாம் நாள் காலை தமுக்கை இடுப்பில் கட்டிக்கொண்டாள், அடிக்கவில்லை. வீடு வீடாக நுழைந்து, குனிந்திருந்த ஒவ்வொரு தலைக்கும் பக்கத்தில் குனிந்து, செப்புக்கு மட்டும் கேட்கும்படி பெருமூச்சு விட்டாள்: "ஒரு கூடை களிமண் கிடைத்தால் தேவலையே. மூன்றாம் மடைப் பக்கம் கிடைத்தால் இன்னும் தேவலை."

முந்நூறு வீடு, முந்நூறு பெருமூச்சு. ஒருத்தரும் நிமிரவில்லை. ராஜாவின் மடிமேலும் ஒன்று விட்டுவிட்டு வந்தாள்.

உச்சிப் பொழுதுக்கு வணிகர் தலைவர் சொக்கப்பர் நாற்பது வண்டிக் களிமண்ணோடு மூன்றாம் மடையில் வந்து நின்றார். ஊர்ச் செப்பெல்லாம் ஒரே குரலில் கூவின: "எல்லாரும் தேடும் களிமண். இன்று ஒருநாள் மட்டும். முந்துகிறவருக்கு இரண்டு கூடை."

ஊர் ஓடியது. தட்டார் ஓடினார், பாக்கியம் முழங்காலை மறந்து ஓடினாள், ராஜா ஒரு செருப்போடு ஓடினார். எதற்கு மண் என்று ஒருவர் கேட்டதற்கு, தெரியாது, எல்லாரும் வாங்குகிறார்களே என்றார் இன்னொருவர். கூடை நிறைய ஈர மண். பிடிக்க இரண்டு கையும் வேண்டும். இடுப்பில் செப்புகள், அதற்குள்ளே என்ன அவசரம் என்று கெஞ்சின. சேற்றுக் கையால் யார் திறப்பது?

அந்த நேரம் ஓட்டை வாய் பிளந்தது. தண்ணீர் பீறிட்டு ராஜாவின் முகத்தில் அடித்தது.

டும், டும், டும். மூக்காயி மூன்றே அடி அடித்தாள்.

"கையில் இருப்பதைப் போடுங்கள்" என்றாள்.

போட்டார்கள். மிதித்தார்கள். மறுபடி அள்ளிப் போட்டார்கள். ஒரு நாழிகை, இரண்டு நாழிகை, மூன்று நாழிகை. ஓட்டை அடைபட்டது. ஒரு செப்பும் திறக்கவில்லை. மலையில் ஜாடிகள் படபடவென்று வெடித்தன. பார்வைகள் கூட்டமாகக் கிளம்பி, அவரவர் கண்ணுக்கு வந்து சேர்ந்தன. இடுப்புச் செப்புகள் பேச்சிழந்தன.

தட்டார் தன் மகனைப் பார்த்து, யாரப்பா நீ என்றார். மீசை முளைத்திருந்தது. ராஜா ராணியைப் பார்த்தார்.

"எப்போது இவ்வளவு நரைத்தது உனக்கு?"

"நீங்கள் ஆட்டுச் சண்டை பார்த்துக்கொண்டிருந்தபோது."

சொக்கப்பர் மண்ணுக்கு விலை கேட்டார். ஊர் கேட்டதாகச் செப்பு சொன்னது என்றார். யார் கேட்டது, நீ கேட்டாயா, நான் கேட்டேனா என்று முந்நூறு வீடும் ஒன்றை ஒன்று பார்த்து விழித்தன. மூக்காயி ஆகாயத்தைப் பார்த்தாள். சண்டை பிடிக்க வியாபாரிகள் மலை ஏறினார்கள். அங்கே உடைந்த ஜாடிகளுக்கு நடுவில் நோட்டநாதன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். உலுக்கினார்கள், எழவில்லை. மூன்று வருஷத் தூக்கம் பாக்கி இருந்தது.

என்ன பரிசு வேண்டும் என்று ராஜா மூக்காயியைக் கேட்டார், முகத்தை நேராகப் பார்த்தே கேட்டார். "இப்போது பார்த்தீர்களே, இது போதும். அடுத்த வருஷம் முதல் கூடை உங்களுடையது" என்றாள்.

அந்தச் செப்புகளில் இப்போது வெற்றிலைச் சுண்ணாம்பு வைத்திருக்கிறார்கள். திறக்கும்போது சிலசமயம் உள்ளிருந்து மெல்ல, அதற்குள்ளே என்ன அவசரம் என்று கேட்குமாம். சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு மூடிவிடுவார்கள்.

மழை வந்தது, ஏரி நிறைந்தது, கரை நின்றது. கதையும் அந்தக் கரைமேலேயே நின்றுகொண்டது.