பிரமுவின் பெயர்

வன்னியப்பக் கவிராயருக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் பாடம் கேட்ட சங்கரமூர்த்திக்கு ஐம்பது. ஆற்றங்கரை மடத்தில் யாரும் வயதைப் பார்ப்பதில்லை.

சங்கரமூர்த்தி அகப்பாடல் படிக்க வந்தவர். பொருள் தேடிப் பிரிந்து போகும் தலைவன், வழியைப் பார்த்திருக்கும் தலைவி. மூன்று ஆண்டுகளில் அந்தத் தலைவியின் குரலில் நாற்பது பாட்டு எழுதினார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் நடையில் இருந்த தன் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போய் வந்தார்.

ஆனி மாதத்தில் ஊரிலிருந்து ஓர் ஆள் வந்தான். மனைவி பிரமுவுக்குக் கடும் காய்ச்சல், உடனே வரச் சொன்னாள் என்றான். அப்போது ஒரு பாட்டில் கடைசி இரண்டு அடி பாக்கி இருந்தது. முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் புறப்பட்டார். அவர் ஊர் எல்லையை எட்டியபோது, சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவள் தம்பி கொள்ளி வைத்திருந்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மடத்துக்கு வந்தார். கவிராயரிடம் ஓர் ஓலையை நீட்டினார்.

கவிராயர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"நல்ல பாட்டு. யார் இந்தப் பெண்?"

"என் வீட்டுக்காரி, ஐயா."

"மை கரைந்த கண் என்கிறீர். கழன்று விழும் வளை என்கிறீர். எல்லாத் தலைவிக்கும் இதுதானே? உம் வீட்டுக்காரி எப்படி இருப்பாள்?"

சங்கரமூர்த்தி தன் இடது கையைத் தொட்டுக் காட்டினார்.

"நெல் அவிக்கும்போது வெந்த தழும்பு இடது கையில் இருக்கும். வேகமாக நடப்பாள். நான் பின்தங்கிவிடுவேன்."

"அது ஏன் பாட்டில் இல்லை?"

"எழுதினால் அவள்தான் என்று தெரிந்துவிடுமே. அகப்பாட்டில் இன்னார் என்று பெயர் தெரியக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."

"சொன்னேன்."

"அவளும் ஒருமுறை கேட்டாள். 'இத்தனை பாட்டு எழுதுதியளே, ஒண்ணுல என் பேரை வச்சா என்ன?' என்று. இலக்கணம் இடம் கொடுக்காது என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்." சங்கரமூர்த்தி ஓலையைப் பார்த்தார். "இப்போது வைக்கலாமா, ஐயா?"

"வைக்கலாம். வைத்தால் அது அகப்பாட்டு இல்லை, இரங்கற்பாட்டு. செத்தவர்களைத்தான் பெயர் சொல்லி அழுகிறோம்."

"வைக்காவிட்டால்?"

"அவள் தலைவி. அவளுக்குச் சாவு கிடையாது. எவர் எப்போது படித்தாலும் வாசலில் நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்."

"அப்படியே இருக்கட்டும் ஐயா," என்றார் சங்கரமூர்த்தி அவசரமாக. "உயிரோடு இருக்கட்டும். நான் வருவேன், வருவேன் என்று..."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கவிராயர் எழுத்தாணியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"பெயரை எழுதும்," என்றார். "அவள் காத்திருந்தது போதும்."