மேல் அடி

பொன்மலையில் தையல் கடை வைத்திருந்த வீரபத்திரனுக்கு வயது ஐம்பத்துமூன்று. அவருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த ரெஜினாவுக்கு இருபத்தேழு. அவர் அவளை டீச்சர் என்பார். ஊரே கூப்பிடுவதுபோல அவளும் அவரை மாஸ்டர் என்பாள். யார் யாருக்குக் குரு என்று தெருவில் கேலி பேசியவர்கள் உண்டு. அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவள் வாசித்துக் கேட்ட முதல் நாளே மனசுக்குள் கும்பிட்டுவிட்ட மனிதர் அவர்.

ரெஜினாவிடம் சட்டம் ஒன்றுதான். கையிலுள்ள பிக் என்ற சின்ன வில்லையால் கம்பியைக் கீழ்நோக்கி அடித்தால், அடுத்த அடி மேல்நோக்கி வரவேண்டும். கீழ், மேல், கீழ், மேல். தலை போனாலும் மாற்றக் கூடாது.

நான்கு நான்காக வாசித்தவரை வம்பில்லை. கீரவாணி ராகத்தை ஐந்து ஐந்தாக, தகதகிட என்று வாசிக்கத் தொடங்கியதும் வந்தது வினை. ஒரு சுற்று கீழ் அடியில் தொடங்கினால் அடுத்த சுற்று மேல் அடியில் தொடங்கியாக வேண்டும். அந்த மேல் அடி அவருக்கு நோஞ்சானாக விழுந்தது. அதனால் மனிதர் திருட்டு வேலை செய்தார். எல்லாச் சுற்றையும் கீழ் அடியிலேயே தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கான ஒத்திகையில் மிருதங்கக்காரர் சிவகுருநாதன் வாசிப்பதை நிறுத்தினார்.

“சுற்று மாறுற இடத்துல நொண்டுது மாஸ்டர். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா மேடைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்.”

ஆறு வருஷமாகக் காத்திருந்த முதல் மேடை. அன்று வீரபத்திரனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ரெஜினாவிடம் திருட்டை ஒப்புக்கொண்டார். “மேல் அடிக்குத் தெம்பே இல்லையே டீச்சர். முதல் சுரத்த அதுகிட்ட நம்பி எப்படிக் குடுக்கறது?”

அவள் தன் பழைய கிட்டார் உறையை எடுத்துக்கொண்டு அவரோடு கடைக்கு நடந்தாள்.

“ஓரம் பிரிஞ்சிருக்கு. தைங்க மாஸ்டர். மிதிக்க வேணாம், சக்கரத்தைக் கையால சுத்துங்க.”

ஊசி துணிக்குள் இறங்கியது.

“நிறுத்துங்க. தையல் விழுந்துடுச்சா?”

“எங்க விழுந்தது? இப்ப இழுத்தா நூல் கையோட வந்துடும்.”

“ஏன், ஊசி அடிவரைக்கும் போயிடுச்சே?”

“போனா ஆச்சா? அது ஓட்டைதான் போடும்.”

“அப்ப தையல் எங்க விழும்?”

இது தெரியாதா என்பதுபோல வீரபத்திரன் மிஷினின் பக்கத் தட்டை நகர்த்திக் காட்டினார். சக்கரத்தை ஒரு நூல் அளவு திருப்பினார். ஊசி மேலே கிளம்பியது. நூல் தளர்ந்து சின்ன வளையமானது. கொக்கி வந்து அதைப் பிடித்துக்கொண்டது. “இங்கதான், ஊசி மேல ஏறும்போது.”

அவர் கை சக்கரத்திலேயே நின்றுவிட்டது.

ரெஜினா உறையை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். அன்று கடையில் ஒரு துணியும் தைக்கப்படவில்லை. மேல் அடியில் தொடங்கி ஐந்து, கீழ் அடியில் தொடங்கி ஐந்து. நான்கு நாளும் அதே வேலை. விரல் காய்த்தது, வாடிக்கையாளர்கள் திட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை சிவகுருநாதன் பாதியில் நிறுத்தவில்லை. முடித்ததும் மிருதங்கத்தின் மேல் கைகளை வைத்துக்கொண்டு, “எது கீழ, எது மேலன்னே தெரியல மாஸ்டர். ஞாயித்துக்கிழமை சீக்கிரம் வந்துடுங்க” என்றார்.

வீரபத்திரன் தைத்து முடித்த உறையோடு நேரே ரெஜினா வீட்டுக்குப் போனார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“முப்பத்தஞ்சு வருஷமா நான் பாக்கற ஊசி டீச்சர். எனக்கே தோணல. ஊசி பிடிச்சுப் பழக்கமில்லாத உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

ரெஜினா உறையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

“போன வருஷம் இதே உறை தையல் விட்டுப்போச்சுன்னு உங்க கடையில வந்து சண்டை போட்டேனே. அன்னிக்கு மிஷினத் திறந்து காட்டி, நீங்கதான் மாஸ்டர் சொல்லிக்குடுத்தீங்க.”