நாவற்பழக் கறை

ஒரு காட்டில் மலையடிவாரக் குகை ஒன்று இருந்தது, குழந்தைகளே. உயிருக்குப் போராடும் விலங்குகளை அங்கேதான் கிடத்துவார்கள். குகை வாசலிலேயே சுனை. தலைமை வைத்தியர் ஒரு கரடி.

கரடிக்குத் தெரியாத வைத்தியம் இல்லை. "ஒருவரைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்தவரைத் தொடாதே" என்ற விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும். ஆனால் கழுவாது.

முள்ளம்பன்றி ஒருத்தி தன் குட்டியை அங்கே சேர்த்திருந்தாள். பாறை உருண்டு குட்டியின் கால் நசுங்கியிருந்தது. அவள் வந்த ஐந்து நாளில், வயிற்றுவலி என்று வந்த மான்குட்டியும் முதுகில் அடிபட்ட கீரியும் சீழ்க்காய்ச்சல் கண்டு செத்துப்போயின. வந்த நோய் ஒன்று, கொன்ற நோய் வேறு!

"வைத்தியரே, சீழ்ப்புண்ணோடு கிடக்கும் காட்டுப்பன்றியைத் தொட்டுவிட்டு அப்படியே வருகிறீர்களே! கையைக் கழுவிவிட்டு என் பிள்ளையைத் தொடுங்கள்" என்று கெஞ்சினாள்.

"எனக்கே பாடமா? தேக்கிலைக் கையுறை போட்டிருக்கிறேனே, கண் தெரியவில்லையா? எட்டு நோயாளிக்கு நான் ஒருத்தன். தடவைக்குத் தடவை சுனைக்கு ஓடினால் வேலை நடக்குமா?" என்று உறுமியது கரடி.

மந்தித் தாதிகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர்கள் கையிலும் அதே தேக்கிலை உறைதான்.

மறுநாள் காலை முள்ளம்பன்றி நாவற்பழங்களைக் கசக்கி, காட்டுப்பன்றியின் சம்மதத்தோடு அதன் புண்கட்டின்மேல் பூசிவைத்தாள்.

கரடி வந்தது. காட்டுப்பன்றியின் கட்டை அழுத்திப் பார்த்தது. பிறகு முயலின் வயிற்றுத் தையலைத் தடவியது. ஆந்தையின் இமையை விலக்கியது. இப்படியே வரிசையாகப் பார்த்து, கடைசியில் அவள் குட்டியிடம் கையை நீட்டியது.

"நில்லும்!" முட்கள் விறைக்கக் குறுக்கே பாய்ந்தாள் தாய். "திரும்பிப் பாரும், ஐயா!"

முயலின் தையல்மேல் ஊதாக் கறை. ஆந்தையின் கண்ணோரம் ஊதாக் கறை. மருந்துச் சட்டியின் மூடியிலும் ஐந்து விரல் பதிந்திருந்தது.

"நான்தான்... கையுறை..." என்று இழுத்தது கரடி.

"அதைக் கழற்றும்!"

கழற்றியது. உள்ளே கை பளிச்சென்று இருந்தது. அந்தக் குகையிலேயே சுத்தமாக இருந்தது அது ஒன்றுதான்.

"உறை உம்முடைய கைக்கு! என் பிள்ளைக்கு எது உறை? செத்த மான்குட்டியின் தாய்க்கு என்ன பதில் சொல்வீர்? விதி தெரியாத மடையன் என்றால்கூட மன்னித்துவிடுவேன். எல்லாம் தெரிந்த நீர் செய்தீரே!"

மந்திகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கரடி சுனைக்கு நடந்தது. பத்தடி தூரம்கூட இல்லை.

அன்றுமுதல் நோயாளிக்கு நோயாளி கையைக் கழுவினார்கள், புது உறை போட்டார்கள். முள்ளம்பன்றிக் குட்டி பத்தாம் நாள் நொண்டிக்கொண்டே புதருக்குத் திரும்பிற்று. முயலுக்கோ, நாவற்பழம் பூசியதற்கு முந்தின நாளே சீழ்க்காய்ச்சல் கண்டிருந்தது. அது திரும்பவில்லை.

நீதி: தெரியாமல் விட்டால் பிழை, தெரிந்தும் செய்யாமல் விட்டால் கொலை.