மறுபடி எடுத்த கூட்டம்

மாடித்தோட்டச் சங்கத் தலைவர் தணிகாசலத்துக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. கூட்டத்துக்கு வந்ததும் வராததுமாக, வீடியோ எடுக்கும் ரெஜினாவைப் பிடித்துக்கொண்டார்.

“போன மாசம் நான் ஊர்ல இல்ல. நீ அனுப்பின வீடியோவை ரெண்டு தடவை பார்த்தேன். செயலாளர் பேசினது ஒண்ணுமே கேட்கல, ஃபேன் சத்தம்தான் கேட்குது! அந்தக் கூட்டத்தை அப்படியே மறுபடி எடுத்துக் கொடு. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

உறுப்பினர்கள் நெளிந்தார்கள். செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ரெஜினா அவரைக் கையமர்த்தினாள்.

“எடுத்துடலாம் தலைவரே” என்று காமிராவைத் தூக்கினாள். “அன்னைக்கு மாதிரியே எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புங்க!”

நாற்காலிகள் நகர்ந்தன. “என்னம்மா கூத்து இது?” என்று தலைவர் குதித்தார்.

“அன்னைக்கு அடைமழை, வந்தவங்க அப்படியே திரும்பிட்டாங்க, கூட்டமே நடக்கல தலைவரே. நீங்க ரெண்டு தடவை பார்த்த வீடியோவுல நான் அதை மட்டும்தானே சொல்லியிருந்தேன்?”

இப்போது ஃபேன் சத்தம் மட்டும் நன்றாகவே கேட்டது.