பஜ்ஜி பிழிந்த வகுப்பு

செங்கமலம் டீச்சரின் பள்ளியில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். சீடர் பூவராகன். மருந்துக்கடையை மகனிடம் விட்டுவிட்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் விதத்தைக் கற்றுக்கொள்ள வந்தவர்.

பள்ளி வாசலில் ஒரு பஜ்ஜி வண்டி நிற்கும். நாலு மணிக்கு மணியடித்ததும் பிள்ளைகள் ஈயாக மொய்ப்பார்கள். அவர்களில் சிலருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பார்க்கப் பார்க்கப் பூவராகனுக்கு மனசு ஆறவில்லை.

“அந்த வண்டிய விரட்டிடலாமா டீச்சர்?”

“விரட்டக் கூடாது. பிள்ளைகளை மிரட்டவும் கூடாது. அவங்களா பஜ்ஜிய விட்டாங்கன்னா, அஞ்சாம் வகுப்பு உங்களுக்குத்தான் அண்ணே.”

பூவராகன் மறுநாளே இறங்கிவிட்டார். வகுப்பில் ஒரு பஜ்ஜியைத் தாளில் வைத்து அழுத்தினார். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடி மாதிரி தெரிந்தது.

“பாருங்க. இதுதான் உங்க வயித்துக்குள்ள போகுது.”

வகுப்பே வாயைப் பிளந்தது. பூவராகனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் வண்டியில் என்றுமில்லாத கூட்டம். ஆளுக்கொரு பஜ்ஜி, ஆளுக்கொரு தாள்.

“டேய், என் தாள்ல உன் மூஞ்சியே தெரியுதுடா.”

“வாழைக்கா வேஸ்ட்டு. மிளகா பஜ்ஜி வாங்கு, அதுதான் நல்லா ஊறும்.”

பிழிந்ததை யாரும் எறியவில்லை. தின்றார்கள்.

வண்டிக்காரர் பூவராகனைப் பார்த்துக் கும்பிட்டார். “நாளைக்கும் பாடம் இருக்கா சார்?”

பூவராகன் நேராக டீச்சரிடம் போய் நின்றார்.

“எங்க தப்புப் பண்ணினேன் டீச்சர்?”

“நாளைக்குச் சொல்றேன். மத்தியானம் பிள்ளைகளோட பந்தியில உட்காருங்க. அவங்களுக்குப் போடுற அளவுதான் உங்களுக்கும். அப்புறம் அவங்களோடயே விளையாடுங்க.”

அப்படியே செய்தார். பந்தியில் உட்கார்ந்தார், கபடியில் புரண்டார். நாலு மணிக்கு மணியடித்தபோது கால் பின்னியது. செங்கமலம் டீச்சர் அவர் முன்னால் ஒரு தட்டை வைத்தார். சுடச்சுட மூன்று பஜ்ஜி.

தட்டு காலியான பிறகுதான் பூவராகன் நிமிர்ந்தார்.

“எண்ணெய் அதிகமோ அண்ணே?”

“பார்க்கலையே டீச்சர்.”

“கொழுப்பு என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும்.” காலித் தட்டை ஓரமாகத் தள்ளினார். “பசிச்சுது.”

டீச்சர் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். பூவராகன் பின்னாலேயே போனார்.

“தோத்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனா விடமாட்டேன். நாளைக்கு என்ன பாடம் எடுக்கட்டும்? சொல்லுங்க.”

“கொண்டைக்கடலைய ஊறப்போடுங்க. நாலு மணிக்கு முன்னால வெந்திருக்கணும்.”