வெளிநாட்டுத் தோட்டாவும் இரண்டு தகடும்

ஒரு விடுகதை. பல் இல்லை, இரும்பைத் தின்னும். ஒரே ஒரு முறை சத்தம் போடும்; தின்பதெல்லாம் அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான். அது என்ன?

விடை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அஃப்ராவுக்குத் தெரியாது. அதைக் கேட்கத்தான் வந்தாள். ஆனால் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

“மாஸ்டர், நல்ல தோட்டா எது, கெட்ட தோட்டா எதுன்னு பார்த்ததும் சொல்ல முடியுமா?”

கடலோர ஊர் ஒன்றில், பிள்ளைகளுக்குக் குறி பார்த்துச் சுடச் சொல்லித்தரும் ரைபிள் கிளப் அது. மாஸ்டர் என்றால் அமலோற்பவம். போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார்.

“எதுக்குக் கேக்குறே?”

“சும்மாதான் மாஸ்டர்.”

சும்மா இல்லை.

போன வாரம் இரண்டாம் நம்பர் துப்பாக்கியின் குழலுக்குள் மாஸ்டர் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே செக்கச்செவேலென்று துரு.

“கடைசியா துடைச்சது யாரு?”

கவிநயா கையைத் தூக்கினாள். “நல்லாத்தான் துடைச்சேன் மாஸ்டர்.”

துப்பாக்கியைப் பேணத் தெரியாதவர் போட்டிக்குப் போகக் கூடாது என்பது கிளப்பின் சட்டம். மாவட்டப் போட்டி அணியில் கவிநயாவின் இடம் போயிற்று. அந்த இடம் அஃப்ராவுக்கு வந்தது.

அன்றிலிருந்து பையன்களுக்குக் கவிநயாவின் பெயர் ‘துரு’.

“துரு வர்றா! இரும்பையெல்லாம் எடுத்து உள்ள வைங்கடா!”

அஃப்ரா சிரிக்கவில்லை. தன் புதுக் கையுறையைக் கவிநயாவுக்குக் கொடுத்தாள். உம்மா பொரித்துத் தந்த சமோசாவில் பாதியைக் கொடுத்தாள்.

“எனக்குன்னு நீ ஒருத்திதான்டி இருக்கே” என்றாள் கவிநயா.

அஃப்ரா தன் பாதியையும் அவள் கையில் வைத்தாள்.

இப்போது மாஸ்டர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். இரண்டு தோட்டாக்களை மேசைமேல் வைத்தார். ஒன்று கிளப்பில் வழக்கமாகச் சுடுவது, மங்கல். மற்றது யாரோ ஓர் உறுப்பினர் கொடுத்த வெளிநாட்டுப் பெட்டியில் இருந்தது. அட்டையில் எந்த நாட்டு எழுத்தோ. பித்தளை தங்கமாக மின்னியது. சோதிக்கும்வரை யாரும் தொடக் கூடாது என்று மாஸ்டர் ஒதுக்கி வைத்திருந்த பெட்டி அது.

அதன் மூலை பிரிந்திருந்தது. பிரித்தவள் அஃப்ரா. அந்த மினுமினுப்பில் மயங்கி, பயிற்சியின்போது வழக்கமான தோட்டாக்களோடு கலந்து, இரண்டாம் நம்பர் துப்பாக்கியில் போட்டுச் சுட்டிருந்தாள். அன்று மாலை துப்பாக்கிகளைத் துடைக்கும் முறை கவிநயாவுடையது.

“எது நல்லது?” என்றார் மாஸ்டர்.

அஃப்ரா மின்னுவதைத் தொட்டாள். அது நல்லதாக இருந்துவிட்டால், துரு அவளால் வந்ததல்ல.

மாஸ்டர் இரண்டிலிருந்தும் குண்டையும் மருந்தையும் கழற்றினார். அடியில் தீப்பொறி கிளப்பும் கேப் மட்டும் மிச்சம். பளபளவென்று தேய்த்த இரும்புத் தகடு இரண்டை எடுத்து, தகட்டுக்கு ஒன்றாக அவற்றின்மேல் வெடிக்க வைத்தார். இரண்டிலும் லேசாகப் புகை படிந்தது.

“இப்போ சொல்லு.”

“ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு மாஸ்டர்.”

“ம்.”

தகடுகளைக் கடலைப் பார்த்த ஜன்னலில் வைத்தார்.

“நாளைக்கு வா.”

மறுநாள் ஒரு தகடு வைத்தது வைத்தபடி இருந்தது. வெளிநாட்டுத் தோட்டாவின் புகை பட்ட தகடு சிவந்து சொரசொரத்திருந்தது.

“பழைய சரக்கு” என்றார் மாஸ்டர். “வெடிச்சதும் உப்பை விட்டுட்டுப் போகும். உப்பு காத்துல இருக்குற ஈரத்தைக் குடிக்கும். அப்புறம் இரும்பைத் தின்னும்.”

“ஆனா நான் உடனே எண்ணெய் போட்டேனே மாஸ்டர்! நல்லா அழுத்தி...”

வாயைப் பொத்திக்கொண்டாள். பிந்திவிட்டது.

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சிவந்த தகட்டின் மேல் எண்ணெய் தடவினார். தகடு மினுங்கியது. அஃப்ராவின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்துத் தேய்த்தார். நறநறவென்றது.

“எண்ணெயில உப்பு கரையுமா?”

“கரையாது.”

“எதுல கரையும்?”

“தண்ணியில.”

“முதல்ல வெந்நீர். அப்புறந்தான் எண்ணெய்.”

மாஸ்டர் கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினார். இரண்டாம் நம்பர் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் கிடத்தினார்.

“பெட்டியைச் சோதிக்கணும்னு சொன்னேன், சோதிக்கலை” என்றார் மெல்ல. “கவிநயாகிட்ட இன்னொரு கேள்விகூடக் கேக்கலை.”

வெளியே பையன்களின் குரல் கேட்டது.

“துரு வந்தாச்சுடா!”

“ஆமாண்டா. உன் சைக்கிளைத் தூக்கி ஒளிச்சு வை” என்றாள் கவிநயா. அப்படிச் சொல்லப் பழகியிருந்தாள்.

அஃப்ராவுக்குத் தலை நிமிரவில்லை. மேசைமேல் எண்ணெய்ப் புட்டி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போட்டி நாளைக்கு, மாஸ்டர்.”

“ஆமா.”

“உங்ககிட்ட மட்டும் சொன்னாப் போதுமா?”

மாஸ்டர் அடுப்பைப் பார்த்தார்.

“தண்ணி கொதிக்குது” என்றார்.

அஃப்ரா வெளியே போனாள். எல்லோரும் வந்து வரிசையில் நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு முன்னால் போய் நின்று, அந்தப் பெட்டியைப் பிரித்துச் சுட்டது தான்தான், துரு வந்தது தன்னால்தான் என்று சொன்னாள்.